0618: ஒரு வானியல் புதிர் உருவான கதை

ஆன்லைன் விளையாட்டுக்குப் புதிர் எழுத உட்கார்ந்தால் குறிப்பு வரிதான் முதலில் மனத்தில் ஓடும். அதை ஓரமாக வைத்துவிட்டு விடையிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: விடை

விடை எண்ணாக இருப்பது நல்லது. மிருகசீரிடம் என்று தட்டச்சு செய்யச் சொன்னால் ஒருவர் மிருகசீரிஷம் என்பார், இன்னொருவர் மிருகசீர்ஷம் என்பார். சரியாகச் சொல்லியும் பூட்டு திறக்காவிட்டால் திட்டு உங்களுக்குத்தான். நமக்கு நான்கு இலக்கப் பூட்டு போதும்.

படி 2: எண்ணை ஒளிப்பது

நாள்காட்டியில் இருக்கும் 27 நட்சத்திர வரிசையே நமக்குச் சங்கேத அட்டவணை. அசுவினி 1, பரணி 2 என்று போகும். நான் முதலில் எழுதியது இது: "இருபத்தேழு பேரில் மூவருக்குக் கண் சிவப்பு."

ரோகிணி 4, திருவாதிரை 6, கேட்டை 18. ஆக 4618. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் மகளிடம் காட்டினேன். "சித்தப்பா, ரோகிணி செம்மஞ்சள்தானே? அதைச் சேர்த்தா சுவாதியையும் சேர்க்கணுமே?" என்றாள். போச்சு! உண்மையிலேயே சிவந்த மீப்பெரு விண்மீன்கள் இந்த வரிசையில் திருவாதிரையும் (பீட்டல்ஜூஸ்) கேட்டையும் (அண்டாரிஸ்) மட்டுமே. நான்கு இலக்கம் வேண்டுமே என்று 6-ஐ 06 ஆக்கினேன், விடை 0618 ஆனது.

படி 3: நம் வானத்தில் சரிபார்ப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவிடுங்கள். திருவாதிரை இருக்கும் ஓரியன் விண்மீன் கூட்டமும் கேட்டை இருக்கும் விருச்சிகமும் ஒருசேர வானில் நிற்காது என்பார்கள். அதை நம்பி, "ஒருவர் வந்தால் மற்றவர் இருக்கமாட்டார்" என்று எழுதினேன். பிறகு ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலியில் இடத்தைச் சிங்கப்பூர் என்றும் நேரத்தை ஏப்ரல் 14, இரவு 11 மணி என்றும் வைத்துப் பார்த்தால், கேட்டை தென்கிழக்கில் ஏறுகிறது, திருவாதிரை மேற்கில் இறங்குகிறது. இரண்டும் தாழ்வாக, ஆனால் ஒரே நேரத்தில்! லண்டனில் இருவரும் சந்திப்பதில்லை. நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருக்கும் நம் ஊரில் சந்திக்கிறார்கள். துருவ நட்சத்திரத்தை வைத்துப் புதிர் போடுபவர்களும் கவனிக்க: இங்கே அது தொடுவானத்தை ஒட்டியே கிடக்கும், எதிர் புளோக் மறைத்துவிடும்.

திருத்திய குறிப்பு:

"ஏப்ரல் 14, இரவு 11. தோ பாயோ மாடி வீடு. சிவந்த கண் இரண்டு. ஒன்று எழுகிறது, ஒன்று சாய்கிறது. இருபத்தேழு பேர் வரிசையில் இவர்கள் எத்தனையாவது? முன்னவர் முன்னே."

அந்நேரம் ரோகிணி மறைந்திருக்கும், சுவாதி உயரத்தில் இருக்கும். செவ்வாய் குறுக்கே வந்தாலும் 27-இல் அதற்கு இடமில்லை.

படி 4: பூட்டு

கூகல் ஃபார்ம்ஸில் குறுவிடைக் கேள்வி ஒன்று போதும். விடைச் சரிபார்ப்பில் எண் என்று வைத்தால் முன்னால் உள்ள 0 வம்பு செய்யும். ரெகுலர் எக்ஸ்பிரஷனை (விடையை எண்ணாகப் பார்க்காமல் எழுத்துகளாக ஒப்பிடும் தேர்வு) தேர்ந்தெடுத்து 0618 என்று கொடுங்கள்.

படி 5: சோதனை

வானியல் தெரியாத இருவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். (எனக்கு இதுதான் கஷ்டம்.) அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அந்த இடத்துக்கு மட்டும் ஒரு துப்பு எழுதுங்கள். என் புதிரில் இருவருமே "இருபத்தேழு பேர்" என்ற இடத்தில்தான் நின்றார்கள். துப்பாக ஒரு நாள்காட்டித் தாளின் படத்தை வைத்தேன்.