புட்டியைத் திறந்து சரிசெய்த கதை

வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை. அங்கிருந்த நெட்வொர்க் சுவிட்ச்சில் மேனேஜ்மென்ட் விலானை (சுவிட்ச்சை நிர்வகிக்கவென்று பிரித்துவைத்த நெட்வொர்க் பகுதி) மாற்றப்போய், நானே எஸ்எஸ்ஹெச்சை (நெட்வொர்க் வழியாக சுவிட்ச்சுக்குள் நுழையும் வழி) அறுத்துக்கொண்டேன். இனி கம்ப்யூட்டரை நேரடியாக சுவிட்ச்சோடு இணைக்கும் கன்சோல் கேபிள்தான் கதி. "புட்டியத் திறக்கேன் அண்ணாச்சி" என்றேன். "கடையில வச்சா?" என்று முறைத்தார். அது கேபிள் வழியாக சுவிட்ச்சோடு பேசும் மென்பொருளின் பெயர் என்று புரியவைக்கவே ரெண்டு நிமிஷம் ஆனது.

கம்ப்யூட்டரின் டிவைஸ் மேனேஜரில் கேபிளின் போர்ட் எண் காம் 5 என்று காட்டியது. (யூஎஸ்பியை வேறு ஓட்டையில் சொருகினால் இந்த எண் மாறலாம், எனக்குப் பலமுறை பட்ட அடி.) திறந்து என்டர் தட்டினால் கட்டம் கட்டமாய், தலைகீழ் கேள்விக்குறியாய்க் கொட்டியது. "என்னல, சீன பாஷையா?" என்றார் அண்ணாச்சி. நான் கேபிளைச் சந்தேகப்பட்டு அரை மணி நேரம் வீணாக்கினேன். குப்பையாவது வருகிறதே, அப்படியென்றால் கம்பியும் போர்ட்டும் பேசுகின்றன, வேகம்தான் ஒத்துப்போகவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

புட்டியில் சீரியல் வேகம் (நொடிக்கு எத்தனை பிட் என்ற கணக்கு) இயல்பாக 9600. சிஸ்கோ கம்பெனி சுவிட்ச்சுக்கு அது சரி. இந்த சுவிட்ச்சின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 115200 என்று இருந்தது. மாற்றினேன். ஃப்ளோ கண்ட்ரோலை (தரவை நிறுத்தி நிறுத்தி அனுப்பச் சொல்லும் அமைப்பு) எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃபிலிருந்து 'நன்' ஆக்கினேன். என்டர் தட்டியதும் சுத்தமாக 'லாகின்:' வந்து நின்றது.

பழைய விலான் எண்ணைத் திரும்பப் போட்டு, மறக்காமல் சேவ் செய்தேன். அதற்குள் அண்ணாச்சி டீ சொல்லியிருந்தார்.