சுழல் கீறலை நீக்குவதாக எண்ணிப் பெயின்ட்டைத் தேய்த்துவிடாதீர்கள்

கறுப்பு நிறக் காரின் பானெட் மீது டார்ச் அடித்துப் பாருங்கள். விளக்கொளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்டவட்டமாகக் கீறல்கள் தெரியும். இவைதான் சுழல் கீறல்கள். டார்ச்சை நகர்த்தினால் அந்த வட்டமும் கூடவே நகரும். உண்மையில் அங்கே வட்டம் எதுவும் இல்லை. எல்லாத் திசையிலும் ஓடும் ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்களில், ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுகின்றன. அதனால்தான் வட்டமாகத் தோன்றுகிறது.

இந்தக் கீறல்கள் இருப்பது நிறத்தின் மேல் பூசப்பட்ட கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சில். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன்கூடப் பொதுவாக இதைவிட அதிகம். பாலிஷ் போடும்போது கீறல் நிரம்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமமாக்குகிறோம், அவ்வளவுதான். தேய்ந்தது தேய்ந்ததுதான், திரும்ப வளராது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதே பூச்சுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்கவே நடக்காது.

முதல் தவறு, பாலிஷ் மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஷாம்பு போட்டுக் கழுவியதும் கார் சுத்தமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவிய பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். மணல்தாள் போல் சொரசொரப்பாக இருந்தால் இரும்புத் துகள், தார், மரப்பிசின் போன்றவை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதன் மேல் மெஷினில் மாட்டும் தேய்ப்பு வட்டான பேடை ஓட்டினால் அந்தத் துகள்களையே அரவைக்கல்லாக்கிப் பெயின்ட்டில் தேய்க்கிறோம். இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்துக் கழுவி, பிறகு நல்ல வழுக்கலோடு க்ளே பார் என்னும், ஒட்டிய துகள்களை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியைத் தேய்த்த பின்தான் பாலிஷைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்தது, எடுத்த எடுப்பிலேயே பாலிஷைவிட அதிகமாகத் தேய்க்கும் முரட்டுக் காம்பவுண்டையும் கம்பளிப் பேடையும் தேடிப் போவது. வேலை சீக்கிரம் முடியும் என்ற ஆசைதான் காரணம். அப்படிச் செய்யாதீர்கள். ஓரிடத்தில் அரை மீட்டர் சதுரத்தை ஒதுக்கி, மென்மையான நுரைப் பேடும் மெல்லிய பாலிஷும் கொண்டு சோதித்துப் பாருங்கள். போதவில்லையா, பேடை மட்டும் மாற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் காம்பவுண்டு. ஒரு காரின் பெயின்ட் மென்மையாக இருக்கும், இன்னொன்றின் பெயின்ட் கல்லாக இருக்கும். முந்தைய காரில் பலித்த முறை இதில் பலிக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. நகத்தால் மெல்ல வருடும்போது தட்டுப்படும் ஆழமான கீறலை முழுவதும் நீக்க முயலவே வேண்டாம். அதன் விளிம்பு மழுங்கினாலே கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

மெஷினைப் பொறுத்தவரை, புதிதாகப் பழகுபவர் டூயல் ஆக்‌ஷன் வகையைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரோட்டரி ஒரே அச்சில் சுழல்வதால் பூச்சை வெட்டுவதும் அதிகம், சூடும் அதிகம். கை பழகாதவர் ஓட்டினால் வெயிலில் அலையலையாய் மின்னும் ஹாலோகிராம் தடங்களை விட்டுவிடும். டூயல் ஆக்‌ஷன் சுழன்றுகொண்டே அதிரவும் செய்வதால் அந்த ஆபத்து குறைவு. ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. கீறல் போகவில்லையே என்று அழுத்த அழுத்த, பேடின் சுழற்சி நின்று வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். சத்தம் அப்படியே இருப்பதால் நமக்குத் தெரியாது. பேடைத் தாங்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் தடித்த கோடு ஒன்று போட்டுவிடுங்கள். வேலையின்போது அந்தக் கோடு சுற்றி வருவது கண்ணில் பட வேண்டும். கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் அழுத்தத்தைக் குறையுங்கள், அல்லது பேடைச் சாய்க்காமல் தட்டையாக வையுங்கள். இதைச் செய்து பார்த்தால், இதுவரை எவ்வளவு நேரம் வீணாக அழுத்திக்கொண்டிருந்தோம் என்பது புரியும்.

கையின் வேகமும் அப்படித்தான். தரை துடைப்பதுபோல் விறுவிறுவென்று இழுத்தால் எதுவும் நடக்காது. வினாடிக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் போதும். முந்தைய தடத்தின் பாதி மீது அடுத்த தடம் ஏற வேண்டும். குறுக்காகவும் நெடுக்காகவும் நான்கைந்து முறை. கதவு முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்க நினைக்காமல், சிறு சதுரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாலிஷ் மூன்று நான்கு சொட்டு போதும். மிகுதியாக ஊற்றினால் பேட் வழுக்கும், ஊறும், தூள் பறக்கும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடைப் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். பழைய பாலிஷும் உரிந்த பெயின்ட்டும் அடைத்துக்கொண்ட பேட் புதுக் கீறல் போடும். வெயிலில் நின்று சூடேறிய காரில் இந்த வேலையே வேண்டாம்.

ஓரங்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கதவின் விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பூச்சு இயல்பாகவே மெல்லியது. பேடின் அழுத்தமும் அந்தக் குறுகிய கோட்டின் மீதே குவியும். ஒருமுறை கதவு மடிப்பில் இருந்த ஒரே ஒரு கீறலுக்காக நான் திரும்பத் திரும்ப ஓட்டினேன். வெள்ளைப் பேடில் காரின் நீல நிறம் ஏறியிருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கிளியர் கோட் உள்ள காரில் பேடில் நிறம் வந்தால், அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது என்று பொருள். மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர அதற்கு வழியில்லை. இன்றுவரை மடிப்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் நான் மெஷினை இயக்குவதில்லை. பிளாஸ்டிக் பம்பரிலும் இதே கவனம் தேவை; உலோகத்தைப் போல் அது சூட்டைக் கடத்தாததால், பூச்சு விரைவில் சூடேறிவிடும். தடிமன் அளக்கும் கருவி இருந்தாலும் முழுக்க நம்பிவிடாதீர்கள். சாதாரணக் கருவி பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாவற்றையும் சேர்த்தே காட்டும். மறுபெயின்ட் அடித்த பாகத்தில் எண் பெரிதாக இருக்கும், மேல்பூச்சு மெல்லியதாகவே இருக்கக்கூடும்.

முடித்ததும் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துத் திருப்தி அடைவது இன்னொரு தவறு. பரவலான ஒளி கீறலை மறைத்துவிடும். டார்ச் போல ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளிதான் உண்மையைச் சொல்லும். பாலிஷில் உள்ள எண்ணெய்ப் பசையும் கீறலை மூடி மறைக்கும். நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்து, மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்த பிறகு பாருங்கள். இல்லையென்றால் இரண்டு முறை கழுவியதும் கீறல்கள் திரும்ப எட்டிப் பார்க்கும்.

அதன் பிறகு மெழுகோ சீலன்ட் என்னும் செயற்கைப் பாதுகாப்புப் பூச்சோ பூசுங்கள். ஆனால் இந்தக் கீறல்களில் பெரும்பகுதி உருவாவதே தூசியைக் காய்ந்த துணியால் தட்டித் துடைக்கும் பழக்கத்தால்தான். முதலில் தண்ணீரை அடித்துத் தளர்ந்த மண்ணை இறக்கிவிடுங்கள். ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலசத் தனி வாளி என்று வையுங்கள். துணி கை தவறித் தரையில் விழுந்தால், அலசிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று நினைக்காமல் ஓரமாகப் போட்டுவிட்டு வேறு துணி எடுங்கள்.