சாமான் அறையில் ஒரு வேதியியல் பாடம்

பொட்டாசியம், சோடியம், கால்சியம் என்று வினைத்திறன் வரிசையை (எந்த உலோகம் அதிகச் சுலபமாக வினைபுரியும் என்று மேலிருந்து கீழாக அடுக்கிய பட்டியலை) மனப்பாடம் செய்யாதீர்கள், பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடும். செட்டிநாட்டு வீடு என்றால் சாமான் அறையைத் திறங்கள், இல்லையா, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளை ஒரு சுற்று சுற்றுங்கள். இரும்புச் சட்டி துருவேறி உதிரும், செம்புக் குடம் கறுத்ததோடு சரி, வெள்ளி மங்கியிருக்கும் (அது காற்றில் உள்ள கந்தக வாயுவின் வேலை), தங்கம் மட்டும் வைத்தது வைத்தபடி இருக்கும்.

விஷயம் இவ்வளவுதான்: எந்த உலோகம் தன் வெளிக்கூட்டு எலக்ட்ரானைச் சுலபமாக விடுகிறதோ அதற்கு வினைத்திறன் அதிகம். சோடியத்துக்கு அது மூன்றாம் கூட்டில், பொட்டாசியத்துக்கு நான்காம் கூட்டில், அணுக்கருவை விட்டுத் தள்ளி இருப்பதால் பிடி தளர்வு. அதனால்தான் தண்ணீர் பட்டதும் பொட்டாசியம் ஊதா நிறத்தில் எரிகிறது.

சரி, கண்ணால் பார்க்க வேண்டுமா? நாட்டு மருந்துக் கடையில் துருசு, அதாவது மயில்துத்தம் (செம்பு கலந்த உப்பு, காப்பர் சல்பேட்), கொஞ்சம் வாங்குங்கள். விஷம், குழந்தைகள் தனியாகத் தொடக்கூடாது. கண்ணாடி டம்ளரில் அரை டம்ளர் தண்ணீர், நீலம் ஏறும் அளவுக்கு இரண்டு சிட்டிகை துருசு, உப்புத்தாளில் பளிச்சென்று தேய்த்த இரும்பாணி நாலைந்து. (நான் எவர்சில்வர் டம்ளரை எடுத்து அப்பத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாப்பாட்டுப் பாத்திரம் பக்கமே போகாதீர்கள்.) கொஞ்ச நேரத்தில் ஆணி மேல் செம்பு படியும், மறுநாள் பார்த்தால் நீலம் வெளுத்திருக்கும். இரும்பு கரைந்து செம்பை வெளியே தள்ளிவிட்டது. அப்புறம் திருப்பிச் செய்யுங்கள்: அன்னபேதிக் (இரும்பு கலந்த உப்பு, இரும்பு சல்பேட்) கரைசலில் செம்புக் கம்பி. ஒன்றுமே நடக்காது. எது மேலே, எது கீழே என்று இரண்டு டம்ளரே சொல்லிவிட்டன.

புளி போட்டால் செம்பு பளபளப்பது ஏன்? செம்பு வரிசையில் ஹைட்ரஜனுக்குக் கீழே, அமிலத்தில் உள்ள ஹைட்ரஜனை அதனால் வெளியே தள்ள முடியாது, எனவே வெறும் புளிப்பு அதை அசைக்காது; மேலே படிந்த ஆக்சைடைத்தான் கரைக்கிறது. ஆனால் காற்றும் சேர்ந்து நேரமானால் செம்பும் குழம்பில் இறங்கும், செம்பு கலந்த பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் (வெள்ளீயம்) பூசியது அதற்குத்தான்.

ஏமாற்றுவது அலுமினியம். வரிசையில் இரும்புக்கு மேலே இருந்தும் துருப்பிடித்து உதிர்வதில்லை, தன் ஆக்சைடையே மெல்லிய தோலாகப் போர்த்திக்கொள்கிறது. துத்தநாகம் பூசிய வாளியில் கதை வேறு: துத்தநாகம் வரிசையில் இரும்புக்கு மேலே, அதனால் கீறல் விழுந்தாலும் அதுவே முந்திக்கொண்டு அரிபடும், இரும்பு தப்பும். வெள்ளீயம் இரும்புக்குக் கீழே, அது பூசிய தகர டப்பாவில் கீறினால் நேர்மாறு, இரும்புதான் முதலில் போகும்.