மண்டபம் உப்புக்காற்றில் ஒரு குட்டி ஆர்கேட் பெட்டி

ஆர்கேட் பெட்டி என்பது ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் வைத்த வீடியோ கேம் பெட்டி. அதை வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கிட்டைப் பிரித்ததும் பட்டன்களை மாட்டிப் பார்க்கத்தான் கை துடிக்கும். ஒரு நாள் பொறுங்கள். பலகைகள் பெரும்பாலும் எம்.டி.எஃப்.; மர இழைகளை அழுத்திச் செய்தவை. அவற்றின் வெட்டிய ஓரங்கள் ஈரத்தைக் குடிக்கும். ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபத்தில் எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். எதுவும் பூசாமல் நான் செய்த முதல் பெட்டி ஒரே மழைக்காலத்தில் ஓரம் உப்பி, திருகாணிகள் பிடிப்பு விட்டுப்போயின.

அதனால் முதல் வேலை, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து வுட் பிரைமர் பூசுவது. முதல் கோட்டைப் பலகை உறிஞ்சிவிடும். காய்ந்ததும் லேசாகத் தேய்த்து இரண்டாவது கோட் கொடுங்கள். இரும்புத் திருகாணிகளை ஒதுக்கிவிட்டு அதே அளவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். ஓரத்தில் திருகும் இடங்களில் முதலில் சின்னத் துளை போடாவிட்டால் பலகை பிளந்துவிடும்.

அப்புறம் ஜாய்ஸ்டிக். அடியில் 4 மைக்ரோ ஸ்விட்ச்கள் இருக்கும். தண்டை வலப்பக்கம் சாய்த்தால் இடப்பக்க ஸ்விட்ச்தான் 'டிக்' என்கும். பலரும் குழம்புவது இங்கேதான். என் மச்சான் பார்த்த உடனே, "சுக்கான் கட்டை மாதிரிதானே மாப்ள?" என்றார். சரியாகச் சொன்னார். கட்டையை வலப்பக்கம் தள்ளினால் வள்ளம் இடப்பக்கம் திரும்பும். தண்டு நடுவில் ஒரு புள்ளியில் ஊன்றி ஆடுவதால் மேல்முனை ஒரு பக்கம் போக, கீழ்முனை எதிர்ப்பக்கம் போகிறது. சாய்த்துப் பார்த்து, சத்தம் வரும் ஸ்விட்சில் அந்தத் திசைக்கான ஒயரை மாட்டுங்கள்.

பட்டன்கள் சுலபம். விளக்கு இல்லாத, இரண்டே கால் உள்ள பட்டனில் இரண்டு ஒயரை எந்தக் காலில் மாட்டினாலும் சரி. எல்லா ஒயர்களும், அழுத்தியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் யூ.எஸ்.பி. என்கோடர் போர்டுக்குப் போகும். அங்கிருந்து ஒரே கேபிள், ஆட்டத்தை ஓட்டும் குட்டிக் கணினியான ராஸ்பெர்ரி பைக்கு. ஒவ்வொரு முனையையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். தளர்ந்த முனையில்தான் உப்புக்காற்று பச்சைக் களிம்பு ஏற்றும்.

ராஸ்பெர்ரி பை 3 என்றால் 5 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் தேவை. பழைய போன் சார்ஜரைச் செருகினால் ஆட்டத்தின் நடுவில் அணைந்து அணைந்து எரியும். மெமரி கார்டில், பழைய ஆட்டங்களை ஓட்டும் மென்பொருளான ரெட்ரோபையை ஏற்றி ஆன் செய்ததும், எந்தப் பட்டன் எதற்கு என்று திரை வரிசையாகக் கேட்கும். உங்களிடம் இல்லாத பட்டனைக் கேட்டால், ஏதாவது ஒரு பட்டனை அழுத்திப் பிடித்திருங்கள், அடுத்ததற்குப் போய்விடும். திசை ஒயர்களை மாற்றி மாட்டியிருந்தாலும் இங்கேயே சரிசெய்துவிடலாம்.

பேக்-மேன் மாதிரி ஆட்டங்களுக்கு ஒரு குறிப்பு. 1980இல் ஜப்பானில் நாம்கோ வெளியிட்ட அந்த ஆட்டம் 4 திசை ஜாய்ஸ்டிக்குக்காகச் செய்யப்பட்டது. மூலைவாக்கில் சாய்ந்தால் திருப்பங்கள் தவறும். உங்கள் ஜாய்ஸ்டிக்கின் அடியில் திசையைக் கட்டுப்படுத்தும் தகடு இருந்தால், அதை 4 திசைக்கு மாற்றி வையுங்கள். விளையாடிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஆடி முடித்ததும் மெனுவில் போய் ஷட் டவுன் கொடுத்த பிறகே பிளக்கைப் பிடுங்குங்கள். இல்லையென்றால் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பெட்டி மேல் ஒரு பருத்தித் துணியைப் போர்த்தி வையுங்கள்.