காலில் அடிபட்ட பிறகு நடைப்பயிற்சி: ஆர்வத்தில் செய்யும் தவறுகள்

தினமும் நடந்து பழகியவர், காலில் அடிபட்டால் வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வார். வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியாது. கணுக்கால் சுளுக்கு, முழங்கால் ஜவ்வுக் கிழிசல், எலும்பு முறிவு என்று எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் கேட்கிற முதல் கேள்வி ‘மறுபடி எப்ப நடக்கலாம்?’ என்பதுதான். ‘இனி நடக்கலாம்’ என்று அவர் சொன்னதும் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கவனமாக இருக்க வேண்டிய காலம் அப்போதுதான் தொடங்குகிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு பாரம், எதைப் பிடித்துக்கொண்டு என்ற விவரமெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எழுந்து வந்துவிடுவதுதான் முதல் தவறு.

எலும்பு முறிவு என்றால் இது இன்னும் முக்கியம். காலை ஊன்றவே கூடாது, விரல் நுனி மட்டும் தரையில் படலாம், ஓரளவு பாரம் கொடுக்கலாம், தாங்குகிற அளவுக்கு ஊன்றலாம், முழுப் பாரமும் கொடுக்கலாம் என்று இதில் ஐந்து படிகள் உண்டு. நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓரளவு என்றால் எத்தனை கிலோ என்றும் கேளுங்கள். எடை பார்க்கும் மெஷின் மேல் அடிபட்ட காலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தால், அந்த எடை காலுக்கு எப்படி இருக்கும் என்பது பிடிபட்டுவிடும். இப்படிப் பழகிப் பார்க்காதவர்கள் சொன்னதைவிட அதிகமாகத்தான் ஊன்றுகிறார்கள், அதுவும் தெரியாமலே.

‘நடக்கும்போது வலிக்கவில்லையே!’

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். அன்றைய நடை அதிகமா, சரியா என்பதை நடக்கும் நேரத்தில் கண்டுபிடிக்க முடியாது. மறுநாள் காலையில்தான் தெரியும்.

நடக்க ஆரம்பித்துச் சில நிமிடங்களில் உடம்பு சூடாகிறது, மூட்டு இளகுகிறது, வலி அமுங்கிவிடுகிறது. வெளியே வந்த சந்தோஷமும் சேர்ந்துகொள்ளும். ‘இன்னும் கொஞ்சம் போகலாம்’ என்று தோன்றும். ஆனால் ஆறிக்கொண்டிருக்கிற தசையும் ஜவ்வும் அளவுக்கு மீறிய வேலைக்கு உடனே எதிர்ப்புக் காட்டுவதில்லை. சில மணி நேரம் கழித்து வீக்கமாக, இரவில் குடைச்சலாக, காலையில் விறைப்பாகக் காட்டும்.

ஆகவே காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கிற முதல் பத்து அடிகளைக் கவனியுங்கள். நேற்றைவிட விறைப்பு கூடியிருக்கிறதா? ஒன்றிரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகிறதா, குளித்து முடித்த பிறகும் பிடித்துக்கொண்டே இருக்கிறதா? வீக்கத்தையும் பாருங்கள். இரண்டு கால்களிலும் ஒரே ஜோடி சாக்ஸைப் போட்டிருந்துவிட்டுக் கழற்றினால், வீங்கிய காலில் சாக்ஸ் பட்டையின் கோடு ஆழமாகப் பதிந்திருக்கும். கணுக்காலுக்கு மேலே முன்பக்க எலும்பின் மீது கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிறைந்தால் நீர் கோத்திருக்கிறது என்று பொருள்.

வலியை அளக்கவும் ஓர் அளவுகோல் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ரோலண்ட் தோமே 1997இல் முழங்கால் சில்லு வலிக்காக வகுத்த முறை இது. வலியே இல்லை என்றால் 0, தாங்க முடியாத வலி என்றால் 10. பயிற்சியின்போது 2 வரை இருந்தால் கவலை வேண்டாம். 5 வரை பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் அது தணிந்திருக்க வேண்டும். 5க்கு மேல் போனால் நிறுத்த வேண்டும். பின்னால் குதிகால் தசைநாண் பாதிப்புக்கும் இதே முறை பயன்பட்டது. புதிய எலும்பு முறிவுக்கும், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவருக்கும் இது பொருந்தாது. அங்கே மருத்துவர் சொன்ன அளவுதான் எல்லை.

காலைப்பொழுது கொடுக்கிற பதிலை வைத்து அன்றைய நடையை முடிவு செய்யுங்கள். நிலைமை மோசமாகியிருந்தால், எந்த அளவு நடந்தபோது தொந்தரவு இல்லையோ அந்த அளவுக்கு இறங்குங்கள். இரண்டு மூன்று காலைகள் தொடர்ந்து நன்றாக இருந்தால் சில நிமிடங்கள் கூட்டுங்கள். தேதி, நடந்த நிமிடம், மறுநாள் காலை கால் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். நினைவை நம்பினால் நல்ல நாட்கள் மட்டும்தான் நினைவில் நிற்கும்.

வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடக்கக் கிளம்புவதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவர் கொடுத்த மாத்திரையை அவர் சொன்ன நேரத்தில் சாப்பிடுங்கள். ஆனால் நடப்பதற்காகவே ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்வது, எச்சரிக்கை கொடுக்கிற ஒரே வாயையும் அடைப்பதாகும்.

போன தூரம் திரும்பியும் வர வேண்டும்

கால் ‘போதும்’ என்று சொல்லும்போது திரும்புகிறவர், இன்னும் அதே அளவு தூரத்தைப் போதாத காலுடன் கடக்க வேண்டியிருக்கிறது. பழைய பாதையில், பழைய நேரத்தில், பழைய நண்பர்களோடு நடக்கப் போகிறவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது. பேச்சு சுவாரஸ்யத்தில் தூரம் தெரியாது. பாதியில் விட்டுவிட்டு வரக் கூச்சமாகவும் இருக்கும்.

முதல் சில வாரங்களுக்கு நேர்ப்பாதை வேண்டாம். வாசலைச் சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி ஒரு சின்னச் சுற்றை வைத்துக்கொள்ளுங்கள். எப்போது நிறுத்தினாலும் வீடு பக்கத்தில் இருக்கும். 15 நிமிடம் நடக்க வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தால் அதை ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று வேளைக்குப் பிரித்துவிடுங்கள். ஆறுகிற காலுக்கு இடையில் கிடைக்கிற ஓய்வு பெரிய உதவி.

நொண்டிக்கொண்டாவது முடித்துவிடுவது

இதை மன உறுதி என்று பாராட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நொண்டி நடப்பது வலியைத் தவிர்க்க உடம்பு கண்டுபிடிக்கிற தற்காலிக வழி. அதையே தினமும் ஆயிரக்கணக்கான தடவை செய்தால் பழக்கமாகிவிடுகிறது. காயம் ஆறிய பிறகும் நடை திருந்தாமல், இடுப்பும் முதுகும் நல்ல காலின் முழங்காலும் வலிக்கத் தொடங்கிய பிறகு சிகிச்சைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நல்ல நடையில் முதலில் குதிகால் படும், உடல் பாதத்துக்கு மேலாக முன்னே நகரும், கடைசியில் பெருவிரல் தரையைத் தள்ளிவிடும். பயந்த கால் இதைச் செய்யாது. முழங்காலை மடக்காமல் பாதத்தை மொத்தமாகத் தட்டி வைத்து, பாரம் ஏறுவதற்குள் அடுத்த காலை அவசரமாக எடுத்து வைக்கும். கண்ணாடி தேவையில்லை, காது போதும். சத்தமில்லாத இடத்தில் நடந்து பாருங்கள். இரண்டு அடிகளின் சத்தமும் சம இடைவெளியில் வந்தால் சரி. ஒன்று நீண்டும் அடுத்தது வெடுக்கென்றும் வந்தால் நொண்டுகிறீர்கள். அடியைச் சின்னதாக்கி வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் சீராகவில்லை என்றால் அன்றைய நடை முடிந்தது.

கைத்தடியைச் சீக்கிரம் விட்டுவிடுவதும் இதே கதைதான். தடியோடு நேராக நடப்பது, தடியில்லாமல் நொண்டுவதைவிட எவ்வளவோ மேல். அதை எந்தக் கையில் பிடிப்பது என்பதில் பலரும் தவறுகிறார்கள். அடிபட்ட கால் வலது என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடித்து வைப்பது அந்தக் காலின் இடுப்புத் தசை. தடி எதிர்ப்பக்கத்தில் ஊன்றினால் அந்தத் தசையின் வேலை குறைகிறது, மூட்டின் மேல் ஏறும் பாரமும் குறைகிறது. தடியும் அடிபட்ட காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். செருப்பைப் போட்டுக்கொண்டு கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும்.

அக்குள் கட்டை பயன்படுத்துகிறவர்கள் அக்குளில் தொங்கக் கூடாது. கட்டைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும், பாரம் உள்ளங்கையில் இறங்கட்டும். அக்குளில் அழுத்தம் தொடர்ந்தால் கைக்குப் போகிற நரம்பு நசுங்கி, மணிக்கட்டைத் தூக்க முடியாத அளவுக்குக் கை பலவீனப்படலாம். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். கைப்பிடி இருந்தால் பிடித்துக்கொள்ளத் தயங்காதீர்கள்.

கட்டுக்குப் பதிலாக உயரமான வாக்கிங் பூட் கொடுத்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த பூட்டின் அடிப்பாகம் தடிமனாக இருப்பதால் அந்தக் கால் உயர்ந்துவிடும். மறுகாலில் மெல்லிய செருப்பு போட்டு நடந்தால் இடுப்பு ஒருபக்கம் சாய்ந்தே நடக்கும், சில நாளில் முதுகு பிடித்துக்கொள்ளும். மறுகாலுக்கு அதே உயரத்துக்கு வருகிற தடித்த ஷூ போடுங்கள்.

ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது

இதுவரை சொன்னவை மிகுதியால் வருகிற தவறுகள். பயத்தால் வருகிற தவறும் உண்டு. அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978இல் ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்று நான்கையும் சேர்த்து ஒரு சூத்திரமாகச் சொன்னார். உலகம் முழுக்கப் பரவியது. 2014இல் அவரே, முழு ஓய்வும் ஐஸும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். அசையாத காலில் தசை வேகமாகக் கரைகிறது. இரண்டே வாரக் கட்டுக்குப் பிறகு தொடை இளைத்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

நடக்க அனுமதி இல்லாத வாரங்களிலும் நடைக்கான நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். தினமும் காலையில் ஆறு மணிக்கு நடந்தவர் என்றால், அந்த ஆறு மணிக்கு நாற்காலியில் உட்காருங்கள். அனுமதிக்கப்பட்ட பயிற்சிகளைச் செய்யுங்கள்: தொடைத் தசையை இறுக்கி ஐந்து விநாடி பிடித்து விடுவது, கட்டுக்கு வெளியே இருக்கிற விரல்களை அசைப்பது, நல்ல காலுக்கும் கைகளுக்கும் வேலை கொடுப்பது. பழக்கம் என்பது நேரத்தோடு ஒட்டியது. அந்த நேரம் வேறு எதற்கோ போய்விட்டால், கால் குணமான பிறகு அதைத் திரும்ப மீட்பது பெரும்பாடு.

கட்டுப் பிரித்த புதிதில் காலைத் தொங்கவிட்டாலே அது கருநீலமாக மாறுவதைப் பார்த்து நடுங்கிப்போய்ப் படுத்துவிடுகிறவர்களும் உண்டு. காலை உயர்த்தி வைத்ததும் நிறம் திரும்பினால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. இத்தனை நாள் அசையாத தசை ரத்தத்தை மேலே தள்ளப் பழக வேண்டியிருக்கிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சொல்லிவையுங்கள்.

பழைய கணக்கைத் துரத்துவது

ஃபோனிலும் வாட்ச்சிலும் இருக்கிற அடிக் கணக்கு, அடிபட்டவருக்குத் தெரியாது. நீங்கள் படுத்திருந்தாலும் அது பழைய இலக்கையே காட்டும். தினம் 10,000 அடி என்கிற எண்ணே 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியதுதான். வயதான பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தினம் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைந்து காணப்பட்டது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. இலக்கை அழித்துவிட்டு நிமிடக் கணக்குக்கு மாறுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்து நடந்து விட்டதைப் பிடிக்க வேண்டாம்.

கூட்டும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: முதலில் நேரம், பிறகு வேகம், அதற்குப் பிறகுதான் மேடு பள்ளம். மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால், வலி வரும்போது எதனால் வந்தது என்று தெரியாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம் என்பதையும் நினைவில் வையுங்கள். சாலையின் ஓரம் சரிவாக இருந்தால் ஒரே பக்கமாகப் போய்வராமல் சமதளமான இடத்தைத் தேடுங்கள்.

எந்த நிலையிலும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலிக்கிறதென்றால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அது அவசர சிகிச்சைக்கான விஷயம். காய்ச்சலோடு காயத்தில் சீழ், பாதம் மரத்துப்போவது, முன்பு ஊன்ற முடிந்த காலைத் திடீரென ஊன்ற முடியாமல் போவது ஆகியவையும் அப்படித்தான்.

கடைசியாக, பழைய தூரம் திரும்பியதும் பயிற்சிகளை நிறுத்திவிடுவது. கணுக்கால் மறுபடி மறுபடி மடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வலி போன பிறகும் சமநிலை உணர்வு முழுதாகத் திரும்பியிருக்காது. பிசியோதெரபிஸ்ட் சம்மதித்த பிறகு, மேஜையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் அரை நிமிடம் நின்று பழகுங்கள். பிறகு அதே காலில் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். எத்தனை முடிகிறது என்று எண்ணி, நல்ல காலோடு ஒப்பிடுங்கள். இரண்டு எண்ணிக்கையும் பக்கத்தில் வருகிறவரை மேட்டுப்பாதையும் வேக நடையும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.