அயர்லாந்தில் ஊர்ப்பலகையைப் படிப்பது எப்படி?

டப்ளின் பஸ்ஸின் நெற்றியில் ‘அன் லார்’ என்று ஓடும். அப்படி ஓர் ஊரை வரைபடத்தில் தேடாதீர்கள். ஐரிஷில் அது ‘நடு’, அதாவது நகர மையம்.

ஊர்ப்பலகையில் மேலே சாய்ந்த எழுத்தில் இருப்பது ஐரிஷ் பெயர். பொருள் தெரிய அதைத்தான் பார்க்க வேண்டும். கீழே இருப்பது பெரும்பாலும் அந்த ஒலியை ஆங்கிலேயர் தம் காதில் விழுந்தபடி எழுதியது; 1824இல் தொடங்கிய நில அளவையில் பல பெயர்கள் அப்படியே உறைந்துவிட்டன. எழும்பூர் எக்மோர் ஆன அதே கதை.

‘கில்’ என்று தொடங்கும் ஊர்களில்தான் அதிகம் ஏமாறுவோம். ஐரிஷில் ‘கில்’ கிறிஸ்தவக் கோயில், ‘க்வில்’ காடு. ஆங்கிலத்தில் இரண்டும் பல இடங்களில் ஒன்றாகிவிட்டன. கில்டேர் சந்தேகமில்லாமல் ‘ஓக் மரத்துக் கோயில்’, புனித பிரிஜித்தின் மடம் இருந்த இடம். ஆனால் கில்மோர்கள் பல; சில பெரிய கோயில், சில பெருங்காடு. மேல்வரியைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

டப்ளின் புறநகரான டாலா என்றால் கொள்ளைநோயில் மாண்டோரைப் புதைத்த நிலம். 8ஆம் நூற்றாண்டில் மாயில் ருவான் என்ற துறவி அங்கே மடம் அமைத்தார். எழுத்தைப் பார்த்து ‘டாலக்ட்’ என்று சொன்னால் டிரைவருக்குப் புரியாது. டன் லேரியும் அப்படித்தான், எழுத்தில் பாதி ஒலிக்காது. லாகனிம் என்ற ஊர்ப்பெயர்த் தளத்தில் பல பெயர்களுக்கு ஒலிப்பதிவு உண்டு. வீடு பார்க்கப் போகுமுன் கேட்டுவிடுங்கள்.

கடற்கரையிலும் ஆற்றோரத்திலும் வைக்கிங்குகளின் சொற்கள். 841இல் அவர்கள் கோட்டையடித்த டப்ளினின் பெயர் மட்டும் ஐரிஷ்தான்: ‘கருங்குளம்’. டால்கியின் கடைசி ‘கி’யில் ஒளிந்திருப்பது அவர்களுடைய ‘தீவு’. லீக்ஸ்லிப் ‘சால்மன் தாவல்’. இங்கே விதி தலைகீழ், மேலே உள்ள ஐரிஷ் பெயர்தான் மொழிபெயர்ப்பு. 1169க்குப் பின் வந்த நார்மன் காலத்தை ஊர்ப்பெயரில் வரும் ‘கிரேஞ்ச்’ காட்டும்: மடத்துப் பண்ணை.

கிராமத்து முகவரியில் கதவு எண் இருக்காது. டவுன்லேண்ட் எனும் சிறு நிலப்பிரிவின் பெயர் மட்டும். தீவு முழுவதும் 60,000க்கு மேல் டவுன்லேண்டுகள், ஒரே பெயர் பல மாவட்டங்களில், ஒரே முகவரியில் பல வீடுகள். பார்சல் பக்கத்து வீட்டுக்குப் போவது இதனால்தான். 2015இல் வந்த அஞ்சல் குறியீடான எயர்கோடின் 7 எழுத்து, எண்களில் முதல் 3 வட்டாரம், கடைசி 4 உங்கள் வீடு மட்டும். ஆம்புலன்ஸை அழைக்கும்போதும் இதையே சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கலாம்.

ஐரிஷ் பேசும் கெயில்டாக்ட் பகுதிகளில் பலகை ஐரிஷில் மட்டுமே. டிங்கிளுக்குப் போகும் வழியில் ‘டாங்கன்’ என்ற பெயரைக் கண்டால் திரும்பிவிடாதீர்கள், அதே ஊர்தான்.