நெத்திலிக் குழம்பு: மீன் கரையாமல் வைப்பது எப்படி?

முதல் முறை நான் வைத்த நெத்திலிக் குழம்பில் மீனைத் தேட வேண்டியிருந்தது. அரை கிலோ போட்டேன், கடைசியில் கிடைத்தது முள் மிதக்கும் கூழ். அம்மாவுக்குப் போன் செய்தேன். முழுக்கதையையும் கேட்காமலே, "கரண்டியை உள்ளே விட்டியா?" என்றார். விட்டிருந்தேன். தப்பு அது ஒன்று மட்டும் இல்லை என்பது அடுத்த நாலைந்து முறை சொதப்பிய பிறகுதான் தெரிந்தது.

தேவையானவை: நெத்திலி அரை கிலோ, சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல், தக்காளி 2, பச்சை மிளகாய் 3, சின்ன எலுமிச்சை அளவு புளி, புளிப்பு மாங்காய் பாதி, மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் 3 தேக்கரண்டி, மஞ்சள்தூள், கல் உப்பு, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, நல்லெண்ணெய். மாங்காய் கிடைக்காவிட்டால் புளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

1. வாங்கும்போது

வஞ்சிரத்துக்குச் செவுளைத் தூக்கிப் பார்ப்போம். இந்தப் பொடி மீனுக்கு வயிற்றைப் பார்த்தால் போதும். நெத்திலியின் குடலில் உள்ள செரிமான நொதிகள் மீன் செத்த பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும், வயிற்றுச் சதைதான் முதலில் இளகி வெடிக்கும். குவியலில் பாதி வயிறு கிழிந்திருந்தால் அன்றைக்கு வேறு மீன் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஓடும் வெள்ளிக்கோடு பளிச்சென்று இருக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. பெரிய மீன்கள் யானை விலை விற்கும் அந்த 61 நாளிலும் நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரத்தில் பிடித்து வரும் நெத்திலி கைக்கு எட்டும்.

2. சுத்தம் செய்வது

கத்தி, கத்தரிக்கோல் எதுவும் வேண்டாம். நான் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியவன். மீன் விற்கும் அக்கா ஒருநாள் செய்து காட்டினார்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தலையைப் பிடித்து, செவுளுக்குச் சற்றுப் பின்னால் நகத்தால் கிள்ளி, வயிற்றுப் பக்கமாகக் கீழே இழுக்க வேண்டும். தலையோடு குடலும் சேர்ந்து வந்துவிடும். மேல்நோக்கி இழுத்தால் தலை மட்டும் வரும், குடல் உள்ளேயே தங்கிக் குழம்பைக் கசக்க வைக்கும்.

அரை கிலோவுக்கு அரை மணி நேரமாவது ஆகும். நான் வழுக்கிய இடம் இதுதான். கிள்ளி முடிக்கும் வரை மொத்த மீனையும் மின்விசிறிக்குக் கீழே தட்டில் பரப்பி வைத்திருந்தேன். கடைசிப் பிடி கைக்கு வரும்போது கொழகொழவென்று ஆகிவிட்டது. இப்போதெல்லாம் ஒரு கைப்பிடி வெளியே, மிச்சம் ஐஸ்கட்டி போட்ட பாத்திரத்தில். மீன் கரைவது மட்டும் பிரச்சினை இல்லை. நெத்திலி வெப்பத்தில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போல உடம்பைப் படுத்தும் வேதிப்பொருள் சேரும். முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வருவது அதனால்தான். ஒருமுறை சேர்ந்துவிட்டால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது.

அப்புறம், குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கழுவாதீர்கள். தலை போன மீனின் வயிற்றுச் சதை தண்ணீரோடு போய்விடும். அகலப் பாத்திரத்தில் தண்ணீர், கல் உப்பு, மஞ்சள்தூள் போட்டு மெதுவாக அலசுங்கள். செதில் லேசாக ஒட்டியிருப்பதுதான், தானே உதிரும். தண்ணீரைச் சாய்க்காமல், மீனைக் கையால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் மணல் அடியிலேயே நின்றுவிடும். இப்படி மூன்று முறை.

முள்ளை எடுக்க நினைக்காதீர்கள். நெத்திலியில் கால்சியமே அந்த முள்ளில்தான் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் 100 கிராம் பச்சை ஐரோப்பிய நெத்திலிக்கு 20 கிராம் புரதமும் 147 மில்லிகிராம் கால்சியமும் போட்டிருக்கிறார்கள். நம் கடல் நெத்திலி வேறு இனம் என்றாலும் முள்ளோடு மென்று தின்கிற சங்கதி ஒன்றுதான். ஒமேகா 3 கொழுப்பும் உண்டு. குறைந்த நாள் வாழ்ந்து, கடலின் நுண்ணுயிர் மிதவைகளைத் தின்னும் மீன் என்பதால் பெரிய மீன்களைப் போல உடம்பில் பாதரசம் சேர்வதில்லை.

3. குழம்பு

மண்சட்டிதான். நான்ஸ்டிக்கில் வைத்தும் பார்த்தேன், அடுப்பை அணைத்த பிறகும் மெல்லக் கொதிக்கிற அந்தச் சூடு அதில் வராது.

நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், தக்காளி என்று வழக்கம்போல வதக்குங்கள். தூள்களைப் போட்டுப் புளிக்கரைசலை ஊற்றி, பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே வரும் வரை கொதிக்கட்டும். மாங்காயும் இப்போதே உள்ளே போய் முக்கால் பதம் வெந்துவிட வேண்டும். உப்பு, புளிப்பு எல்லாம் இங்கேயே சரிபார்த்துவிடுங்கள், மீன் போட்ட பிறகு கிளற முடியாது. நெத்திலி தண்ணீர் விடும், அதனால் குழம்பு கொஞ்சம் கெட்டியாகவே இருக்கட்டும்.

தீயைக் குறைத்து மீனைப் பரவலாகப் போடுங்கள். கரண்டியைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். துணியால் சட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் மசாலா எல்லா மீனுக்கும் போய்ச் சேரும். நாலைந்து நிமிடம், அவ்வளவுதான். அணைத்துவிட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். மறுநாள் பழையசோற்றுக்கு இந்தக் குழம்பு இன்னும் நன்றாக இருக்கும்.

பிற்சேர்க்கை: கருவாட்டில் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். செய்யலாம். தலையைக் கிள்ளிவிட்டு, வெந்நீரில் 10 நிமிடம் ஊற வைத்து, இரண்டு மூன்று முறை அலசுங்கள். குழம்புக்கு உப்பைக் கடைசியில் ருசி பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பச்சை நெத்திலியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்று: யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பதாக எழுதிய வாசகருக்கு: உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் நெத்திலியில் அதிகம். எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சட்டியை ஏற்றுங்கள்.

மறுபடியும்: மாங்காய் போட்டும் கசக்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஒருவர் வெந்தயத்தைக் கருகவிட்டிருக்கிறார். மற்றவர் தலையை மேல்நோக்கி இழுத்திருக்கிறார்.